கம்ப்யூட்டர் படிப்பு: பணம் கட்டும் முன் சாம்பிள் பார்ப்போம்



மூட்டையை இறக்கும் முன் குத்தூசி போட்டுச் சாம்பிள் பார்ப்பது நம் தொழிலில் முதல் பாடம். லாரியோடு வந்தவர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் சாம்பிள் பார்க்காமல் நாம் சரக்கு இறக்குவதில்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்பு என்று வந்துவிட்டால் நம்மில் பலர் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம். வண்ண நோட்டீசைப் பார்த்ததும் மடியிலிருக்கும் பணத்தை அவிழ்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் வளத்தி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் செஞ்சியில் உள்ள நம் மண்டிக்கு வந்தார். இருபது ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுப்பவர். பற்றை நாள் தவறாமல் அடைப்பவர். அன்று கையில் சரக்குச் சீட்டு இல்லை, பி.காம். முடித்த மகளை அழைத்து வந்திருந்தார்.

"முதலாளி, பாப்பாவைச் சென்னையில கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேர்க்கணும். ஆறு மாசம். 72,000 ரூபாய் கேக்குறாங்க. முடிச்சதும் வேலை நிச்சயமாம். நீங்க 50,000 கொடுத்தா சரக்குக் கணக்குல மாசாமாசம் சேர்த்துக் கட்டிடுறேன்" என்றார்.

கொடுக்க நமக்கு மனம் இருந்தது. ஆனாலும், "அது என்ன படிப்பும்மா?" என்று பெண்ணைக் கேட்டோம். "வெப் டெவலப்பர், ஆபீஸ் சாப்ட்வேர் அட்மினிஸ்ட்ரேட்டர், ரெண்டும் சேர்ந்த கோர்ஸ் ஐயா" என்றாள். அது என்ன வேலை என்று தகப்பனாருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. தெரியாத சரக்குக்கு முன்பணம் கொடுப்பது எப்படி? "பத்து நாள் பொறுங்க, விசாரிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்தோம். அந்த விசாரணையில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறோம். கடை வைத்திருக்கும் பெற்றோர்க்கும், கடையிலேயே கம்ப்யூட்டர் வைத்திருப்போர்க்கும் பயன்படும் என்பது நம் நம்பிக்கை.

முதலில் ஒரு கணக்கு

கட்டணம் 72,000. சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 7,000 வீதம் ஆறு மாதத்திற்கு 42,000. ஆக 1,14,000 ரூபாய். அந்தக் கடைக்காரருக்கு 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றுக்கு எல்லாம் போக 40 ரூபாய் நிற்கும். அப்படியானால் இந்தப் படிப்பின் விலை 2,850 மூட்டை அரிசி. அவர் கடையில் அவ்வளவு மூட்டை விற்க எத்தனை மாதம் ஆகும் என்று அவரையே கேட்டோம். வாய்விட்டுச் சொல்லாமல் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

படிப்புக்குச் செலவு செய்யக் கூடாது என்பது நம் கருத்தல்ல. 2,850 மூட்டை அளவுக்கு விலை கொடுக்கும்போது அதற்கேற்ற விசாரணையும் வேண்டும் என்பதே.

அட்மினிஸ்ட்ரேட்டர் என்பவர் யார்?

சுருக்கமாகச் சொன்னால் சாவிக்கொத்து வைத்திருப்பவர். நம் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவு உண்டு, அதன்மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் போக முடியாது. பாலத்தைப் போடுவதா எடுப்பதா, யாரை மேலே விடுவது, யாரைக் கீழே நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளும் காவலர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அந்தக் காவலர்தான் அட்மினிஸ்ட்ரேட்டர்.

பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சாப்ட்வேரில் வேலை செய்கிறார்கள். கடிதம், கோப்பு, விடுப்பு, கணக்கு எல்லாம் அதில்தான். மைக்ரோசாப்ட் 365, ஷேர்பாயிண்ட், கூகுள் ஒர்க்ஸ்பேஸ், நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவின் சாப்ட்வேர்கள் ஆகியவை இந்த வகை. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்கு திறப்பது, விலகியவரின் கணக்கை அன்றே மூடுவது, யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று வரையறுப்பது, தினமும் நகல் எடுத்து வைப்பது, பழுது வந்தால் அந்த நகலிலிருந்து மீட்பது, யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவைப் பார்ப்பது ஆகியவை அட்மினிஸ்ட்ரேட்டரின் அன்றாட வேலைகள்.

இது பெரிய ஆபீஸ் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது முதல் கணக்கு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. 2018-இல் இ-வே பில் வந்தது. மின் விலைப்பட்டியல் என்னும் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமாயிற்று. நம் ஊர் மொத்த வியாபாரிகள் சிலரும் இந்த வரம்புக்குள் வந்துவிட்டார்கள். ஆகவே மண்டிக்கும் ஒரு சாவிக்காரர் தேவை.

இதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நம் மண்டியில் பில் போட்டுக்கொண்டிருந்த தம்பி நல்லபடியாகவே சொல்லிக்கொண்டு வேறு வேலைக்குப் போனார். போன பிறகுதான் கணக்கு சாப்ட்வேரின் முதன்மைக் கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும் என்பது புரிந்தது. போன் செய்து கேட்டு வாங்கினோம். அதற்குப் பிறகாவது விழித்துக்கொண்டோமா என்றால் இல்லை. அடுத்த ஆண்டு ஹார்ட் டிஸ்க் போயிற்று. நகல் இருக்கிறது என்று தைரியமாக இருந்தோம். பென் டிரைவைத் திறந்தால் அதில் இருந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய நகல். நான்கு பேர் பதினொரு நாள் உட்கார்ந்து கார்பன் பிரதி பில்களைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். கணக்கு தாக்கல் தாமதமாகி அதற்கும் கட்டணம் கட்டினோம். தவறு முழுவதும் நம்முடையதே. பெட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்த நாம், கம்ப்யூட்டர் சாவி எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

வெப் டெவலப்பர் என்பவர் யார்?

இவர் கடை கட்டுபவர். இணையதளம் என்பதும் ஒரு கடைதான். வாடிக்கையாளர் பார்க்கும் முன்பக்கம் ஒன்று, சரக்கு இருக்கும் பின்பக்கம் ஒன்று.

முன்பக்கத்துக்கு மூன்று கருவிகள். எச்.டி.எம்.எல். என்பது சுவரும் அலமாரியும். எங்கே தலைப்பு, எங்கே படம் என்று சொல்வது. சி.எஸ்.எஸ். என்பது வர்ணம், அலங்காரம். ஜாவாஸ்கிரிப்ட் என்பது அசைவு. பொத்தானை அழுத்தினால் கூட்டுத்தொகை வருவது போன்றவை. பின்பக்கத்துக்குப் பி.எச்.பி., பைத்தான் போன்ற மொழிகளில் ஒன்று, கூடவே டேட்டாபேஸ். டேட்டாபேஸ் என்பது நம் பேரேடு மாதிரி. யார் பெயரில் எவ்வளவு பற்று, எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு என்பதையெல்லாம் கட்டம் கட்டமாக வைத்திருப்பது.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகமில்லை. டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1989-இல் இந்த வலையமைப்பைத் திட்டமிட்டார். யாரும் காப்புரிமைப் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் திறந்துவிட்டது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்டு 15 முதல். ஜாவாஸ்கிரிப்டும் பி.எச்.பி.யும் பிறந்ததும் அதே 1995-இல்தான். அன்று பிறந்த இந்த இரண்டும் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

பெயர் மாறும், அடிப்படை மாறாது

1981-இல் என்.ஐ.ஐ.டி.யும் 1986-இல் ஆப்டெக்கும் தொடங்கின. 1990-களில் தமிழ்நாட்டில் வீதிக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. நம் வயதுக்காரர்கள் அந்த நோட்டீஸ்களை மறந்திருக்க மாட்டார்கள். 2000-ஆவது ஆண்டுப் பிழையைத் திருத்த ஆள் வேண்டும் என்றபோது ஓடி ஓடிச் சேர்ந்தார்கள். 2001-இல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் தொழில் சரிந்ததும், நகை அடகு வைத்துப் படித்த பிள்ளைகள் பலர் சான்றிதழோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு இணையதள வடிவமைப்பு என்று பிளாஷ் என்னும் சாப்ட்வேரைக் கற்றுக்கொடுத்தார்கள். அசையும் படங்கள் செய்ய அதுவே அப்போது பெரிய வித்தை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனம் பிளாஷுக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. அதை மட்டும் கற்றவர்களின் சரக்கு தேங்கிப் போயிற்று. எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் என்று அடிப்படையைக் கற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழ்களுக்கும் இதே கதைதான். எம்.சி.எஸ்.இ. என்னும் மைக்ரோசாப்ட் சான்றிதழ் ஒரு காலத்தில் பெரிய மதிப்பு. 2021 ஜனவரியோடு அந்தத் தேர்வுகளை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த நிறுவனம் தரும் வேலைவாரிச் சான்றிதழ்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கே செல்லும். ஆண்டுதோறும் இணையத்தில் கட்டணமின்றித் தேர்வு எழுதிப் புதுப்பிக்க வேண்டும். நம் கடை லைசென்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். "ஆயுளுக்கும் செல்லும் சான்றிதழ்" என்று யாராவது சொன்னால் அது பயிற்சி நிலையம் தானே அச்சிட்டுத் தரும் காகிதமா, சாப்ட்வேர் நிறுவனம் தேர்வு வைத்துத் தருவதா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, சாதாரண இணையப் பக்கத்தைக் கம்ப்யூட்டரே எழுதித் தந்துவிடுகிறது. ஆகவே பக்கம் வடிவமைக்க மட்டும் தெரிந்தவருக்கு முன்போல் மதிப்பில்லை. எழுதியது சரியா தவறா என்று பார்க்கத் தெரிந்தவர், கடைக்காரரின் தேவையைக் கேட்டுப் புரிந்துகொள்பவர், கணக்கும் தெரிந்தவர் ஆகியோர்க்கே மதிப்பு. பி.காம். படித்த பெண்ணுக்கு அந்தக் கணக்கு அறிவே ஒரு முதல் என்று நமக்குப் பட்டது.

குறைந்த செலவில் எங்கே படிக்கலாம்?

விசாரித்ததில் நமக்கே வியப்பாக இருந்தது. 72,000 கேட்கும் பாடத்தில் பெரும்பகுதி மிகக் குறைந்த செலவிலோ இலவசமாகவோ கிடைக்கிறது.

ஐ.டி.ஐ.: தொழிற்பயிற்சி நிலையங்களில் கோபா என்று ஒரு பிரிவு உண்டு. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மற்றும் புரோகிராமிங் அசிஸ்டெண்ட் என்பதன் சுருக்கம். ஓராண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், எக்செல், பாதுகாப்பு எல்லாம் பாடத்தில் உண்டு. கிடைப்பது தேசிய அளவில் செல்லும் சான்றிதழ். நம் கடையில் நிற்கும் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு இதுவே ஏற்றது.

நீலிட்: மத்திய அரசின் நிறுவனம். முன்பு டோயெக் என்று பெயர். 2011-இல் பெயர் மாறியது. இதன் ஓ லெவல் படிப்பு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. கம்ப்யூட்டர் அடிப்படை, இணையப் பக்க வடிவமைப்பு, பைத்தான், பொருள்களின் இணையம் என நான்கு தாள்கள். செய்முறைத் தேர்வும் உண்டு. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சேர்ந்தும் எழுதலாம், தனித்தேர்வராக வீட்டிலிருந்து படித்தும் எழுதலாம்.

ஜோஹோ பள்ளி: 2005 வாக்கில் ஒரு சிறு குழுவோடு தொடங்கியது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, மாதம் உதவித்தொகை தருகிறார்கள். சென்னையிலும், தென்காசிப் பக்கத்திலும் வகுப்புகள் நடந்துவருகின்றன. இடம் கிடைப்பது எளிதல்ல. ஆனால் முயற்சி செய்யச் செலவில்லை.

விழுப்புரம்: நம் மாவட்டத் தலைநகரிலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களான இளைஞர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறார்கள். செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம். பல ஆண்டுகளாக விழுப்புரத்துக்குச் சரக்கு அனுப்பும் நமக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கப்பட்டோம்.

தமிழில் படிக்க: மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் என்னும் வீடியோ பாடங்கள் தமிழிலும் உள்ளன. கணியம் என்ற குழு 2012 முதல் எளிய தமிழில் கம்ப்யூட்டர் நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு வருகிறது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கு இவை இரண்டும் நல்ல துணை.

சென்னை ஐ.ஐ.டி.: 2020-இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பு. பிளஸ் டூ முடித்து, கணிதமும் ஆங்கிலமும் பத்தாம் வகுப்பு வரையாவது படித்தவர்கள் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாடம் கடினம், நடுவில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்கு ஏற்பச் சான்றிதழ் உண்டு.

அப்படியானால் பணம் வாங்கும் நிலையங்கள் எல்லாம் மோசமா? இல்லை. நம் மண்டியில் மூட்டை தூக்குபவர் ஒருவரின் மகன் பணம் கட்டித்தான் படித்தான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான். வீட்டில் தானாகப் படிக்க எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. கேட்க ஓர் ஆசிரியர், உடன் படிக்கும் நண்பர்கள், நேரத்துக்கு எழுப்பிவிடும் ஒழுங்கு ஆகியவற்றுக்கும் விலை உண்டு. அந்த விலை நியாயமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சாம்பிள் பார்ப்பது எப்படி?

சரக்குக்கு என்ன செய்கிறோமோ அதையே செய்யலாம்.

1. மாதிரி வகுப்பு: பணம் கட்டும் முன் இரண்டு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். பாடம் நடத்தப்போகும் ஆசிரியர் அவர்தானா என்று உறுதி செய்யுங்கள்.

2. பழைய வாடிக்கையாளர்: சுவரில் ஒட்டிய படங்களைப் பார்க்க வேண்டாம். சென்ற குழுவில் படித்த ஐந்து பேரின் தொடர்பைக் கேளுங்கள். வேலை கிடைக்காதவர் ஒருவரிடமும் பேசுங்கள். அவர் சொல்வதே சரியான எடை.

3. கையால் செய்த வேலை: முடிக்கும்போது பிள்ளை எதைச் செய்து காட்டும்? வெப் டெவலப்பர் என்றால் இருப்புக் கணக்கோடு கூடிய ஒரு சிறு கடைத் தளம். அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் இருபது பேருக்குக் கணக்கு திறந்து, உரிமை பிரித்து, அழிந்த கோப்பை நகலிலிருந்து மீட்டுக் காட்டுவது. இதைச் செய்யாமல் தரும் சான்றிதழ் வெறும் சாக்கு. உள்ளே சரக்கு இல்லை.

4. ஒப்பந்தக் காகிதம்: நோட்டீசில் "வேலை நிச்சயம்" என்றிருக்கும். கையெழுத்து வாங்கும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி விடாமல் படியுங்கள்.

5. தவணைக் கடன்: "இப்போது பணம் வேண்டாம், மாதத் தவணை போதும்" என்றால் அந்தக் கடனைக் கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது தனி நிதி நிறுவனம். பயிற்சி நிலையத்துக்கு முழுப்பணமும் முதலிலேயே போய்விடும். பிள்ளை நடுவில் நின்றாலும் தவணை நிற்காது.

6. மூலச் சான்றிதழ்: பள்ளி, கல்லூரி மூலச் சான்றிதழ்களைப் பிணையாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நகல் கொடுத்தால் போதும்.

7. ரசீது: கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். கேட்பவரிடம் பில் கொடுக்கும் நமக்கு, கேட்டு வாங்கவும் உரிமை உண்டு.

பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களைப் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறைகள் வெளியிட்டது. வேலை நிச்சயம், சம்பள உயர்வு நிச்சயம் என்று பொய்யாக விளம்பரம் செய்வது தவறு என்று அதில் சொல்லப்பட்டுள்ளது. ஏமாற்றம் நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் புகார் நிற்கும்.

நம் கடைக்கு என்ன தேவை?

பிள்ளைகள் படிப்பது ஒருபுறம். நம் கடையிலேயே உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பில் போடுபவருக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு கொடுங்கள். டேலி போன்ற சாப்ட்வேர்களில் யார் பில் போடலாம், யார் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்று பிரித்து வைக்க வசதி உண்டு. முதன்மைக் கடவுச்சொல்லை ஓர் உறையில் எழுதி ஒட்டி முதலாளி தம் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் விலகிய அன்றே அவர் கணக்கை மூட வேண்டும்.

நகல் மூன்று இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, கடைக்கு வெளியே வீட்டிலோ இணையத்திலோ ஒன்று. 2017 மே மாதத்தில் வான்னகிரை என்னும் வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, தனியாக நகல் வைத்திருந்தவர்களே நிம்மதியாகத் தூங்கினார்கள். மாதம் ஒரு முறை அந்த நகலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகலை நம்பி நாம் பட்டது மேலே சொன்னதுதான்.

இணையதளம் செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். சிறு மளிகைக் கடைக்கு முதலில் கூகுள் வரைபடத்தில் கடைப் பெயரும் நேரமும் சரியாக இருந்தால் போதும், அது இலவசம். ஆர்டர் எடுக்க வாட்ஸ்அப் பிசினஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். அதற்கு மேல் தளம் வேண்டுமென்றால் தளத்தின் பெயர் உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில் பதிவாக வேண்டும். செய்து தருபவர் பெயரில் பதிவானால், கடைப் பலகையை வாடகைக்கு எடுத்த கதையாகிவிடும்.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

பத்து நாள் கழித்துத் தகப்பனாரும் மகளும் வந்தார்கள். ஒப்பந்தக் காகிதத்தை வாங்கி வரச் சொல்லியிருந்தோம். மகளே படித்துக் காட்டினாள். நோட்டீசில் "வேலை நிச்சயம்" என்று இருந்த இடத்தில், காகிதத்தில் "வேலைவாய்ப்பு உதவி" என்று இருந்தது. மூன்று நேர்காணலுக்கு அனுப்பினால் அவர்கள் கடமை முடிந்தது என்றும் இருந்தது. "ஐயா, இதுல வேலைன்னு எங்கேயும் இல்லையே" என்று அவளே சொன்னாள். தகப்பனார் முகம் வாடிவிட்டது. ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம்.

நாம் 50,000 கொடுக்கவில்லை. 18,000 கொடுத்தோம். பழைய லேப்டாப் ஒன்று வாங்கினார்கள். வீட்டிலிருந்தே தமிழ்ப் பாடங்களைப் பார்த்துப் படித்தாள். வாரம் இரண்டு நாள் நம் மண்டிக்கு வந்து, மேலே சொன்ன சாவி, நகல் வேலைகளை எல்லாம் ஒழுங்கு செய்து கொடுத்தாள். அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டாள். இன்று திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. சம்பளம் 12,000. நோட்டீசில் போட்டிருந்த சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஓ லெவல் தேர்வுக்கு இரவில் படிக்கிறாள். அடுத்தது என்ன ஆகும் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் தகப்பனார் கடையில் சரக்கு குறையவில்லை. நம்மிடம் அவர் பற்றும் ஏறவில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைப்போம். நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் எங்கே, என்ன படித்தார்கள், எவ்வளவு கட்டினார்கள், முடித்தபின் என்ன வேலை கிடைத்தது என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வைப்போம். கடன் வாங்கிக் கட்டாதவர் பெயரைப் பரிமாறிக்கொள்ளும் நாம், இதையும் பரிமாறிக்கொள்ளலாம். அடுத்த ஆனி மாதம் பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் கடைக்காரருக்கு அந்த நோட்டைத் திறந்து காட்டினால் போதும். முதல் வரியை எழுத நம் மண்டி தயாராக இருக்கிறது.